படிக்கட்டு நிற்கும் பக்கம்

மார்ச் 4

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் மட்டும் விட்டபாடில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த அடுக்குமாடி கேட் பக்கத்தில் நாற்காலி கொடுத்தார்களா, இல்லை இன்னும் நின்றுகொண்டேதான் காவலா? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். நானும் "ம்" என்பேன். ரெண்டு "ம்"முக்காக சலூன்காரர் வீட்டுக்குப் போய் அவர் போனைக் கட்டிக்கொண்டு நிற்பானேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக இல்லை. ஆலை மூடினதிலிருந்து ஆள் கரைவது உங்களுக்குத் தெரியும். இப்போது சாயங்கால பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். நம் தெருவில் விளக்கு எரிவது நம் வீட்டிலும் சலூன்காரர் வீட்டிலும்தான். அவர் கத்தியைத் தீட்டித் தீட்டி வைக்கிறார், தாடைதான் வரவில்லை.

போன வாரம் நூலகத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆள் குறைந்துபோன ஊர்களில் கிடக்கும் பழைய படம், நோட்டீஸ், ஆலைக் காகிதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துகிற வேலையாம். ஒரு மேடம் வந்திருக்கிறார். ஊரே அவரை ஸ்கேன் மேடம் என்கிறது. ஊர் என்றால் நாங்கள் மிச்சம் இருக்கிறவர்கள்.

நம் ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்டார். "உள்ள நெகட்டிவ் இருக்காம்மா?"

"ஊரே இருக்கு" என்றேன்.

"நீங்களும் படம் எடுப்பீங்களா?"

"அவர் எடுப்பார். நான் டச்சிங்."

அவருக்கு அந்த வேலை புரியவில்லை. சொன்னேன். நெகட்டிவில் மருந்து பூசின பக்கத்தை மேலே வைத்து, அடியில் வெளிச்சம் போட்டு, ஊசிமுனைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு அடைப்பேன். முகத்தில் கறுப்பாக இருக்கிற தழும்பு நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைப் பென்சிலால் மூடிவிட்டால் படத்தில் தழும்பு இருக்காது என்றேன்.

"அப்போ இந்த ஊர்ல எல்லாரும் அழகா இருந்தது உங்களாலதானா?"

"படத்துல மட்டும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்தார். சிரிப்பு போய்விட்டது. உள்ளேயிருந்து புளித்த வாடை வருகிறது. பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வருமாம். "இன்னொரு மழையைத் தாங்காதும்மா. சீக்கிரம் திறங்க" என்றார்.

சாவி உங்களிடம் இருக்கிறது. அனுப்பிவையுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பென்சில்


மார்ச் 22

பென்சிலுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நாற்காலி கொடுத்தார்கள், அதற்கும் ஒரு கால் சரியில்லை. ஒருவருக்கொருவர் அனுசரித்துப் போகிறோம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி. கஷாயம் குடித்தேன் என்று பொய் எழுதாதே, நீ குடிக்கமாட்டாய்.

இங்கே வேலை சுலபம். வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். லிப்டில் ஏறுகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. முகம் பார்க்கிற வேலையை விட்டாகிவிட்டது.

சாவி வேண்டாம். பழைய பிலிமைக் கரைத்து அதிலிருந்து வெள்ளி எடுக்கிற ஆள் ஒருவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் வந்து அள்ளிக்கொண்டு போவான். பூட்டை அவனே உடைத்துக்கொள்வான். படத்தில் இருக்கிறவர்களே ஊர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். அவர்கள் நிழலைக் கட்டிக்கொண்டு நாம் ஏன் அழ வேண்டும்? அதற்குள் நமக்கு வேண்டியது எதுவும் இல்லை.

கூரை ஓடு விலகியிருந்தால் சலூன்காரரிடம் சொல். நீ ஏறாதே.

ஸ்டூடியோ


ஏப்ரல் 5

என்னங்க,

கடிதம் வந்தது. நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, கோபமாக இருக்கிறேன்.

நமக்கு வேண்டியது எதுவும் இல்லையா? நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நம் பாப்பா அதற்குள்தான் இருக்கிறாள்.

ஊரில் டாக்டர் இருந்திருந்தால் ஒரு காய்ச்சலுக்கு அவளை இழந்திருக்கமாட்டோம். அதைப் பேசி என்ன? அவள் போன பிறகு நீங்கள் பெரிதாக ஒரு படம் போட்டீர்கள். மழமழவென்று முகம், கன்னத்தில் மச்சம் இல்லாமல். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அவளே ஒரு நாள் வந்து, "அம்மா, ஊரார் தழும்பையெல்லாம் எடுக்கறே, என் மச்சத்த எடுக்கமாட்டியா?" என்று கேட்டாள். எடுத்தேன். பழைய நெகட்டிவையும் விடாதே என்றாள். அதிலும் எடுத்தேன். மச்சத்தோடு இருந்த பிரிண்டுகளை அவளே அடுப்பில் போட்டாள். வளர்ந்த பிறகு அதையே சொல்லிச் சிரிப்பாள். "நீ அந்தப் படத்துல இருக்கிற பொண்ணுக்குத்தாம்மா அம்மா. எனக்கு அப்பா மட்டும்தான்" என்பாள்.

அந்தப் பெரிய படத்தை என் முன்னால் வைத்து, "மச்சத்தை வை" என்றீர்கள். பிரஷ்ஷை எடுத்து வலக் கன்னத்தில் வைத்தேன்.

"இடப்பக்கம்டி" என்று கத்தினீர்கள். "பெத்தவளுக்கே தெரியலையா?"

நானும் சும்மா இருந்தேனா? "கேமரா வழியாவே பாத்தவருக்கு என்ன தெரியும்?" என்றேன். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தீர்கள். ஸ்டூடியோவைப் பூட்டினீர்கள். ஊரில் தொழில் இல்லை, வேலை தேடிப் போகிறேன் என்றீர்கள். தொழில் இல்லாததால் மட்டுமா போனீர்கள்?

அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். வலக் கன்னம். என் கைக்குத் தெரியும். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "கன்னத்தில் ஒரு மச்சம்" என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கன்னம் என்று எழுத அந்த வாத்தியாருக்குக் கை வலித்ததா? சலூன்காரரைக் கேட்டேன், இடது என்றார். அவர் வீட்டுக்காரி வலது என்றாள். இப்போது அவர்கள் வீட்டிலும் பேச்சு இல்லை.

வெள்ளிக்காரன் வந்தால் வரட்டும். என்னைத் தாண்டித்தான் பூட்டைத் தொட வேண்டும்.

வெந்நீர் குடிக்கிறேன். இருமல் பரவாயில்லை.

பென்சில்


மே 9

பென்சிலுக்கு,

பதில் எழுதத் தாமதம். எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். கிழித்ததைப் பெருக்குகிறவளிடம் திட்டும் வாங்கினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

சாவியைத் துணியில் சுற்றிக் காலை பஸ் கண்டக்டரிடம் சேரும்படி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பூட்டுக்கு முதலில் எண்ணெய் விடு. அவசரப்பட்டுத் திருகினால் சாவி உடையும். வெள்ளிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். நீல அட்டைப் பெட்டி ஒன்று மேல் தட்டில் இருக்கும். அதை மட்டும் கொடுக்காதே. அது நம்முடையது.

உள்ளே போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். உனக்கு ஏற்கெனவே இருமல்.

ஸ்டூடியோ


மே 30

என்னங்க,

சாவி வந்தது. எண்ணெய் விட்டேன். திறந்தது. நான் நலம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரிதான் உள்ளே போனேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் மூன்று கால் சிநேகிதன் எப்படி இருக்கிறான்?

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி. விளக்குக் குடைகளில் ஒட்டடை. வாடிக்கையாளர் தலை வாரிக்கொள்ள வைத்த கண்ணாடி, அதன் கீழே சீப்பு. சீப்பில் யாரோ ஒருவர் முடி இன்னும் இருக்கிறது. பின்னால் தொங்குகிற திரையை எலி அடியில் கொஞ்சம் கடித்திருக்கிறது. மற்றபடி நீங்கள் வரைந்த படிக்கட்டு அப்படியே இருக்கிறது, கைப்பிடியும் பூந்தொட்டியும் சாயம் போகாமல். ஒரு மழைக்காலம் முழுக்க அதைத் தரையில் விரித்துப்போட்டு, வீட்டில் யாரையும் நடக்கவிடாமல் வரைந்தீர்கள். திரையில் வலப்பக்கம் தொடங்கி மேலே போய்ச் சும்மா வானத்தில் நிற்கும். பாப்பா கேட்பாளே, "இந்தப் படியில ஏறினா எங்கப்பா போகலாம்?" என்று. "மாடி வரையத் துணி பத்தலைடா" என்பீர்கள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. கொஞ்சம்தான்.

மேடம் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு நெகட்டிவாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் புதையல் எடுக்கப்போன ஆள் மாதிரி இருக்கேன்" என்றார். ஆலை ஷிப்ட் முடிந்து எல்லோரும் வாசலில் நின்று எடுத்த படம், பள்ளிக்கூடத்து வகுப்புப் படங்கள், வெள்ளம் வந்த வருஷம் பாலத்தில் நீங்கள் எடுத்தது எல்லாம் கிடைத்தன. பாதியில் பூஞ்சை. துடைத்துத்தான் ஸ்கேன் போட வேண்டுமாம். நூலகத்தில் மேஜை போட்டிருக்கிறார். கணக்கெழுதுகிற வேலை மாதிரி காலையில் போய் உட்கார்ந்து, யார் யார் என்று சொல்கிறேன்.

நீலப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. திறக்கவில்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

பென்சில்


ஜூன் 21

என்னங்க,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? நான் உடம்பால் நலம். மனசுதான் ஒரு வாரமாக ஒரு நிலையில் இல்லை.

மேடம் பூஞ்சை துடைக்கிறார் என்று எழுதினேன் அல்லவா? பஞ்சில் ஏதோ திரவத்தை நனைத்து மெல்லத் துடைப்பார். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். நான் ஒரு நாள் அந்தப் பஞ்சை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். மினுக்கியது. அழுக்கு இல்லைங்க, என் பென்சில்.

"மேடம், இது பூஞ்சை இல்ல. நான் போட்டது."

அவர் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. "ஐயோ. நிறையப் பெட்டி முடிச்சுட்டேனேம்மா. நீங்க வேலைய விளக்கிச் சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. பாவம், அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் வெளியே போய் நூலகத்துப் படியில் உட்கார்ந்தேன். கண் வலிக்க வலிக்கச் செய்த வேலை. சோறு வடிக்க மறந்து, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு செய்த வேலை. ஒரு கூடைப் பஞ்சில் போய்விட்டது.

மேடம் கூப்பிட்டார். "வந்து பாருங்கம்மா" என்றார். திரையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆலை டைம்கீப்பரின் அம்மைத் தழும்பு. நர்ஸ் அக்காவின் பிளந்து தைத்த உதடு. தையல்காரர் நெற்றியில் அந்தக் கோடு. நான் மூடி வைத்ததெல்லாம் மூடி வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஊருக்கே வயசு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவற்றைக் கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். நாலு நாளில் சலூன்காரர் வீட்டுப் போன் அடித்தது. டைம்கீப்பர்! எங்கேயோ மகள் வீட்டில் இருக்கிறாராம். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"என் மூஞ்சில எதுக்கும்மா இவ்வளவு பள்ளம் போட்டு வெச்சிருக்கீங்க?"

"நான் போடலைங்க, அம்மை போட்டது. இத்தனை நாள் நான் மூடி வெச்சிருந்தேன், அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வீட்டுச் சுவர்ல ஒரு படம் இருக்கு. அத என் பேத்தி யாரோ சினிமாக்காரர்னு நெனச்சுட்டிருந்தா. இதப் பாத்துட்டுத்தான் 'தாத்தா!'ன்னா. ஒரு பிரிண்ட் அனுப்ப முடியுமா?"

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே புரிந்திருக்கும். நீலப் பெட்டியில் இருப்பதையும் துடைத்தால்?

நீங்கள் சொல்லாமல் செய்யமாட்டேன். எழுதுங்கள்.

பென்சில்


ஜூலை 17

பென்சிலுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கக் கை கூசுகிறது, உன்னை இத்தனை நாள் காத்திருக்க வைத்துவிட்டு.

ஒன்று சொல்கிறேன். நான் ஊருக்குத் திரும்பினால் இதைப் பற்றிப் பேசாதே. பாப்பா கனவில் வருகிறாள். வரும்போதெல்லாம் படத்து முகத்தோடு வருகிறாள். மழமழவென்று. "அப்பா" என்கிறாள், எனக்கு யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. விழித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு மச்சத்தை நானே வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு இடத்தில் நிற்கிறது, மறுநாள் வேறு இடத்தில் நிற்கிறது. அதனால்தான் சாவியைக் கொடுக்கப் பயந்தேன். உள்ளேயும் அவள் இல்லை என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன இருக்கிறது?

துடை. மேடத்திடம் கொடுக்காதே, நீயே துடை. போட்ட கைக்குத்தான் எவ்வளவு அழுத்தினோம் என்று தெரியும். படிக்கட்டின் முன்னால் நின்று சிரிக்கப் போகிறாளே, அந்தப் படத்தை எடு. சின்னச் சுருள் பஞ்சு போதும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்காதே.

எந்தப் பக்கம் என்று நான் இனி வாய் திறக்கமாட்டேன்.

ஸ்டூடியோ


ஆகஸ்ட் 3

என்னங்க,

நான் நலம், நலம், நலம். இருமல்கூட நின்றுவிட்டது. நீங்களும் நலமாக இருங்கள்.

துடைத்தேன். ஸ்டூடியோவிலேயே, என் பழைய டச்சிங் பெட்டி மேல் வைத்து, அடியில் விளக்குப் போட்டுத் துடைத்தேன். மேடம் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றார். முதலில் சும்மா ஒரு மூலையில் துடைத்துப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். பென்சில் போன இடம் கைக்குத் தெரியும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பஞ்சில் ஒரு கடுகளவு கறுப்பு வந்தது. அவ்வளவுதாங்க. அதற்குத்தான் இத்தனை பாடு.

மேடம் அன்றைக்கே நூலகத்தில் ஸ்கேன் போட்டார். திரையில் முதலில் தலைமுடி வந்தது, நெற்றி வந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்துவிட்டாள்.

சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அதில் பாதிகூட இல்லை. நாம் நினைத்ததைவிடக் கீழே, சிரித்தால் கன்னத்தில் கோடு விழுமே, அந்தக் கோட்டை ஒட்டி. சிரிக்கும்போது அது அந்தக் கோட்டுக்குள் பாதி ஒளிந்துகொள்ளும், மறந்தே போய்விட்டேன் பாருங்கள். "அடி கழுதை, இங்கயா இருந்தே?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வேன் டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

இன்னொன்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலக் கன்னம்! பிரிண்ட் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்டீர்களே. தெரிந்திருக்கிறது.

ஜெயித்தேன் என்று எழுதவில்லை. கொஞ்சம் அப்படியும்தான்.

உடனே பதில் போடுங்கள்.

பென்சில்


ஆகஸ்ட் 12

பென்சிலுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் கிடைத்தது. வேலை முடியட்டும் என்றுகூட இருக்கவில்லை, கேட்டிலேயே பிரித்துவிட்டேன். ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் இறங்கி வந்து திட்ட வாயெடுத்தவர் படத்தைப் பார்த்தார். "யாருங்க, உங்க பொண்ணா?" என்றார். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "ஆமாங்க" என்றேன். "உங்க ஜாடை" என்றார். கேட்டை அவரே திறந்துகொண்டு போனார்.

அறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். பழைய வழக்கம். முகம், கை, உடுப்பு, பின்னால் திரை, ஒன்றையும் விடவில்லை. பிறகு மறுபடி முகத்துக்கே வந்தேன். அவள்தான். வேறு யாருமில்லை. நேற்று கனவில் வரவில்லை. வந்தால் இனி எனக்கு அடையாளம் தெரியும்.

நீ சொன்னதே சரி. நான்தான் உன்மேல் பாய்ந்துவிட்டேன். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? மறந்துவிடு.

மாதம் முடிந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன். ஊரில் என்ன செய்வாய் என்று மேனேஜர் கேட்டார். முகம் பார்ப்பேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஸ்டூடியோ


ஆகஸ்ட் 26

என்னங்க,

இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேருமோ என்னவோ. நான் நலம். முழங்காலோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வராதீர்கள். உட்கார இடம் கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். சாயங்கால பஸ் கிடையாது, காலையில் வருவதில்தான் வர வேண்டும்.

முந்தாநாள் மேடம் வீட்டுக்கே வந்தார். முகம் சரியில்லை. "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். பாப்பா படம் போட்ட அன்றைக்கு ஸ்கேன் செய்ததில் ஆலை வாசல் படமும் இருந்ததாம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆலை போர்டு எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கிறதாம். அன்றைக்கு எல்லா நெகட்டிவையும் மருந்துப் பக்கம் மாற்றி வைத்துவிட்டேன், உங்கள் பெண் படமும் அப்படித்தான், இடம் வலமாக வந்திருக்கிறது என்றார். சரியாகப் போட்ட வேறு பிரிண்ட் கொண்டுவந்திருந்தார்.

வாங்கிப் பார்த்தேன். மச்சம் இடக் கன்னத்தில் இருக்கிறது.

என் கையும் பொய் சொல்லவில்லைங்க. நான் அவள் முகத்தை மருந்துப் பக்கமாகவே பார்த்துப் பழகினவள். அந்தப் பக்கம் பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத்தான் தெரியும். எத்தனை ராத்திரி அந்த ஒரு மச்சத்தின் மேல் குனிந்திருப்பேன். அது அப்படியே கையில் தங்கிவிட்டது. சலூன்காரர் வீட்டுக்குப் போய், அவர் சொன்னதே சரி என்று அவர் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தேன். "தெரியும், ஒரு நாளாவது அவர் தோக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அப்புறம்தான் ரெண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் படம் வந்த நாளில் கன்னத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால், பாப்பாவுக்குப் பின்னால் உங்கள் படிக்கட்டு இடப்பக்கம் நிற்கிறது.

அதை வரைந்தது நீங்கள். வலப்பக்கம் வரைந்தீர்கள். ஆயிரம் பேரை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். உங்களுக்கு அது திரும்பி நிற்பது தெரியாமல் போகுமா? பின்னால் திரை, ஒன்றையும் விடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவரைப் பிரித்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் "நீ சொன்னதே சரி" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். படித்துவிட்டு நிறைய நேரம் அழுதேன். இந்த முறை கொஞ்சம்தான் என்று எழுதமாட்டேன்.

வந்து சண்டை போடலாம். இடப்பக்கம் என்று நான் சொல்வேன், வலப்பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். ஊரை விட்டுப் போனவர்கள். டைம்கீப்பர் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். தனி பஸ் கேட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் எல்லாப் படத்தையும் மாட்ட வேண்டும், திரையைத் தூசி தட்ட வேண்டும், வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவார்களா? கேமராவைத் துடைத்து வைத்திருக்கிறேன். பென்சில் மட்டும் சீவவில்லை. இனி யாருக்கும் வேண்டியிருக்காது.

பாப்பா படத்தை மாட்டிவிட்டேன். முகம் நம்மைப் பார்த்தபடி.

மேடத்திடம் சொல்லி நல்ல கெட்டித் துணி கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். திரையின் மேல்பக்கம் சேர்த்துத் தைத்துவிடலாம். இத்தனை வருஷமாக அந்தப் படிக்கட்டு வானத்தில் நிற்கிறது. வந்து மாடியை வரையுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பென்சில்